3.1-ஐ விட 2.5 வேகமாக இருக்க முடியுமா?

மன்னார்குடியில் அழைப்பிதழ் அச்சுக்கோப்பும் திருமண ஆல்பம் வடிவமைப்பும் செய்து தரும் கடையை நடத்தும் நீங்கள் கேட்டிருப்பது இது. கடையிலுள்ள மேசைக் கணினியில் இன்டெல் கோர் ஐ5 2400 செயலி, 8 ஜிபி ரேம், ஒரு ஹார்டு டிஸ்க் ஆகியவை இருக்கின்றன. செயலியின் வேகம் 3.1 கிகாஹெர்ட்ஸ். தஞ்சாவூரில் விசாரித்தபோது கோர் ஐ5 12400 செயலிக்கு மாறச் சொல்லி விலைப்பட்டியல் தந்திருக்கிறார்கள். அதில் வேகம் 2.5 கிகாஹெர்ட்ஸ் என்று போட்டிருக்கிறது. பணத்தையும் கொடுத்து வேகத்தையும் குறைத்துக்கொள்வதா, இதில் ஏதேனும் ஏமாற்று இருக்கிறதா என்பது உங்கள் ஐயம்.

ஏமாற்று இல்லை. அந்த 2.5, உங்களிடம் இருக்கும் 3.1-ஐ விட, ஒரு கோரை (செயலிக்குள் தனித்து வேலை செய்யும் ஒரு பகுதியை) மட்டும் வைத்துப் பார்த்தாலே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேலை செய்யும். ஆனாலும் உடனே போய் வாங்கிவிடுங்கள் என்று சொல்ல எனக்கு மனமில்லை. உங்கள் கணினி தாமதிப்பதற்குச் செயலிதான் காரணமா என்பது இன்னும் தெரியவில்லை. கும்பகோணத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் இருபது ஆண்டுகளாகக் கணினிகளைப் பழுதுபார்த்து வருகிறேன். வேகம் போதவில்லை என்று என்னிடம் வந்த மேசைக் கணினிகளில் பெரும்பாலானவற்றில் குறை வேறிடத்தில்தான் இருந்தது. ஆகவே முதலில் அந்த எண்களின் பொருளைச் சொல்லிவிட்டு, பிறகு உங்கள் கடைக்கு வருகிறேன்.

கிகாஹெர்ட்ஸ் என்பது செயலிக்குள் இருக்கும் கடிகாரம் ஒரு நொடியில் எத்தனை முறை துடிக்கிறது என்பதன் அளவு. ஒரு கிகாஹெர்ட்ஸ் என்றால் நொடிக்கு 100 கோடித் துடிப்பு. உங்கள் செயலியின் 3.1 என்பது 310 கோடி. ஒரு துடிப்புக்கும் அடுத்த துடிப்புக்கும் இடையில் ஒளிகூட ஏறக்குறைய 10 சென்டிமீட்டர் தூரம்தான் செல்லும் என்றால் அந்த இடைவெளி எவ்வளவு சிறியது என்று பார்த்துக்கொள்ளுங்கள். எண் வியப்பூட்டுவதுதான். ஆனால் அது துடிப்புகளை எண்ணுகிறதே தவிர, ஒவ்வொரு துடிப்பிலும் எவ்வளவு வேலை முடிந்தது என்பதை எண்ணுவதில்லை.

களத்தில் நெல் அளப்பதைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். (அறுவடை இயந்திரம் வந்து, நெல் நேராகச் சாக்குக்கும் மின்னணுத் தராசுக்கும் போய்விடுகிற இந்நாளில் இளையவர்கள் பார்த்திருக்க வாய்ப்புக் குறைவு.) ஒருவர் படியால் நிமிடத்துக்கு 31 முறை அள்ளிப் போடுகிறார், இன்னொருவர் அதைவிடப் பெரிய மரக்காலால் 25 முறை அள்ளிப் போடுகிறார். திண்ணையில் உட்கார்ந்து ‘லாபம், இரண்டு, மூன்று’ என்று எண்ணும் குரலை மட்டும் கேட்பவருக்கு முதலாமவரே வேகமானவர். குவியல் யார் பக்கம் விரைவில் கரைகிறது என்பது களத்தில் நிற்பவருக்குத்தான் தெரியும். கிகாஹெர்ட்ஸ் அந்த எண்ணும் குரல். ஒரு துடிப்பில் முடியும் கட்டளைகளின் எண்ணிக்கை அளக்கும் பாத்திரம்.

உங்கள் ஐ5 2400 வெளிவந்தது 2011 ஜனவரியில். ஐ5 12400 வெளிவந்தது 2022 ஜனவரியில். இடைப்பட்ட 11 ஆண்டுகளில் பெரிதானது முக்கியமாக அந்தப் பாத்திரம்தான். பழைய செயலியின் ஒரு கோர் ஒரு துடிப்பில் நான்கு கட்டளைகளைப் பிரித்துப் படிக்கக்கூடியது, புதியது ஆறு. இன்னும் முக்கியமானது, முடிவு கிடைக்காமல் காத்திருக்கும் கட்டளைகளை ஓரமாக வைத்துவிட்டு, அவற்றுக்குப் பின்னால் இருப்பவற்றில் இப்போதே செய்யக்கூடியவற்றைத் தேடிச் செய்யும் திறன். பழைய கோர் ஒரே சமயத்தில் 168 கட்டளைகள் வரை கையில் வைத்துக்கொண்டு இப்படி மாற்றி மாற்றிச் செய்யும். புதிய கோர் 512 வரை வைத்துக்கொள்ளும். அடுத்து எந்தப் பக்கம் திரும்ப வேண்டியிருக்கும் என்று நிரலின் போக்கை முன்கூட்டி ஊகிப்பதிலும் புதியது கெட்டிக்காரத்தனமானது. ஊகம் தவறினால் செய்த வேலையைக் கொட்டிவிட்டுத் திரும்பத் தொடங்க வேண்டும் என்பதால் இது சிறிய விஷயம் அன்று. இவை எதுவும் விலைப்பட்டியலில் ஓர் எண்ணாக வருவதில்லை.

கிகாஹெர்ட்ஸே வேகம் என்ற எண்ணம் நமக்கு எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனெனில் ஒரு காலத்தில் அது பெரும்பாலும் உண்மையாகவே இருந்தது. 2000-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் போட்டி நிறுவனங்களான ஏ.எம்.டி.யும் இன்டெலும் இரண்டு நாள் இடைவெளியில் 1 கிகாஹெர்ட்ஸ் செயலிகளை அறிவித்தன. அவ்வாண்டு நவம்பரில் வந்த பெண்டியம் 4, அந்த எண்ணை ஏற்றுவதற்கென்றே வடிவமைக்கப்பட்டது: ஒரு கட்டளையின் வேலையை 20 சிறு படிகளாகவும், 2004-இல் வந்த வடிவத்தில் 31 படிகளாகவும் துண்டாக்கினார்கள். படி சிறியதானால் கடிகாரத்தை விரைவாக ஓட்டலாம். ஆனால் ஊகம் தவறும்போது அத்தனை படிகளும் வீண். ஏ.எம்.டி. இதற்கு மாறாக, குறைந்த துடிப்பில் அதிக வேலை செய்யும் அத்லான் எக்ஸ்பி செயலிகளை 2001-இல் விற்றது. வாங்குபவர்கள் எண்ணைத்தான் பார்ப்பார்கள் என்பது தெரிந்ததால் 1.53 கிகாஹெர்ட்ஸில் ஓடிய செயலிக்கு ‘1800+’ என்று பெயர் வைத்தது.

அந்தப் பந்தயம் வெப்பத்தில் வந்து முட்டி நின்றது. கடிகாரத்தை விரைவாக ஓட்ட மின்னழுத்தத்தைக் கூட்ட வேண்டும். மின்னழுத்தம் இரண்டு மடங்கானால் செலவாகும் மின்திறன் நான்கு மடங்காகும். துடிப்பின் வேகம் அதன்மேல் இன்னொரு பெருக்கல். 4 கிகாஹெர்ட்ஸ் பெண்டியம் 4 வரும் என்று அறிவித்திருந்த இன்டெல், 2004 அக்டோபரில் அதைக் கைவிட்டது. 2006-இல் வந்த கோர் 2 டுவோ வரிசையின் இ6300 வெறும் 1.86 கிகாஹெர்ட்ஸ். 3 கிகாஹெர்ட்ஸுக்கு மேல் ஓடிக்கொண்டிருந்த பெண்டியம் 4-களை அது தாண்டிப் போயிற்று. உங்களுக்கு இன்று வந்திருக்கும் அதே ஐயத்தோடு அப்போது பலர் என் மேசைக்கு எதிரே உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் சிலர் எண் குறைகிறதே என்று மனம் ஒப்பாமல் பழைய பெண்டியம் 4-ஐயே வாங்கிச் சென்றதும் உண்டு.

இனி அந்த 2.5 எங்கிருந்து வந்தது என்பது. இன்றைய செயலி எதுவும் ஒரே வேகத்தில் ஓடுவதில்லை. குறிப்புத் தாளில் குறைந்தது இரண்டு எண்கள் இருக்கும்: அடிப்படை வேகம், டர்போ எனப்படும் உச்ச வேகம். ஐ5 12400-க்கு அவை 2.5, 4.4. உங்களுக்குத் தந்த பட்டியலில் முதல் எண்ணை மட்டும் எழுதியிருக்கிறார்கள். அடிப்படை வேகம் என்பது ஒரு வகையான உத்தரவாதம். எல்லாக் கோர்களும் கடுமையான வேலையில் இருக்கும்போதும், குறிப்பிட்ட மின்திறனுக்குள், இந்தச் செயலிக்கு 65 வாட்டுக்குள், இவ்வளவு வேகம் குறையாமல் கிடைக்கும் என்பதே அதன் பொருள். அன்றாட வேலையில் செயலி அந்த எண்ணில் நிற்பது அரிது. குளிர்விப்பும் மின்சாரமும் போதுமானவையாக இருந்து மதர்போர்டும் அனுமதித்தால் 117 வாட் வரை எடுத்துக்கொண்டு 2.5-க்கு வெகு மேலேயே ஓடும். உங்கள் பழைய செயலிக்கும் டர்போ உண்டு. அதன் உச்சம் 3.4. ஆகவே நியாயமாக ஒப்பிட வேண்டுமானால் 3.4-ஐயும் 4.4-ஐயும்தான் ஒப்பிட வேண்டும், அதுவும் பாத்திரத்தின் அளவு வேறு என்பதை மறக்காமல்.

அடிப்படை வேகத்தை வைத்துத் தரம் பார்ப்பது எவ்வளவு தவறாகப் போகும் என்பதற்கு அதே குடும்பத்திலேயே சான்று இருக்கிறது. ஐ3 12100-இன் அடிப்படை வேகம் 3.3, அதைவிட விலை கூடிய ஐ5 12400-இன் அடிப்படை வேகம் 2.5. முன்னதில் நான்கு கோர்கள், 60 வாட். பின்னதில் ஆறு கோர்கள், 65 வாட். ஏறக்குறைய அதே மின்சாரத்தை ஆறு பேருக்குப் பங்கிட வேண்டியிருப்பதால் ஒவ்வொருவருக்கும் உறுதியளிக்கக்கூடிய வேகம் குறைகிறது, அவ்வளவுதான். டர்போ உச்சத்தில் ஐ3-க்கு 4.3, ஐ5-க்கு 4.4.

டர்போ எண்ணையும் அப்படியே நம்பிவிடக் கூடாது. அது ஓரிரு கோர்கள் மட்டும் வேலை செய்யும்போது தொடும் உச்சம். எல்லாக் கோர்களும் இறங்கினால் சற்றுக் கீழே வரும். ஐ5 13400 போன்றவற்றில் இன்னொரு சிக்கல்: ‘10 கோர், 4.6 கிகாஹெர்ட்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். அந்தப் பத்தில் ஆறு பெரிய கோர்கள், நான்கு சிக்கனக் கோர்கள். 4.6 என்பது பெரியவற்றுக்குரிய உச்சம். சிறியவற்றின் உச்சம் 3.3, அவை ஒரு துடிப்பில் செய்யும் வேலையும் குறைவு. பத்தும் சமம் என்று எண்ணிப் பணம் கொடுக்க வேண்டாம்.

கோர்களை வேகத்தால் பெருக்கிச் சொல்லும் பழக்கம் ஒன்று விற்பனையில் இருக்கிறது: நான்கு கோர், 3.1, ஆக மொத்தம் 12.4 கிகாஹெர்ட்ஸ் என்பார்கள். இதைக் கேட்டால் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுங்கள். ஒரு வேலி நிலத்தில் நடவு நட இருபது பேருக்குப் பதில் நாற்பது பேர் இறங்கினால் பாதி நேரத்தில் நட்டுவிடலாம். ஆனால் நாற்றங்காலில் நாற்று வளர எடுக்கும் நாள்கள் எத்தனை பேர் வந்தாலும் குறையாது. கணினி வேலையிலும் பங்கிடக்கூடிய பகுதி, பங்கிட முடியாத பகுதி என்று இரண்டு உண்டு. இதைக் கணக்காக எழுதிக் காட்டியவர் ஜீன் ஆம்டால் என்ற கணினி வடிவமைப்பாளர், 1967-இல். பத்து நிமிடம் எடுக்கும் ஒரு வேலையில் நான்கு நிமிடப் பகுதி பங்கிட முடியாதது என்று வைத்துக்கொள்வோம். மீதி ஆறு நிமிடத்தை ஆறு கோர்களுக்குப் பிரித்தால் ஒரு நிமிடம், மொத்தம் ஐந்து. ஆறு மடங்கு ஆள் சேர்த்தும் இரண்டு மடங்குதான் விரைவு. நூறு கோர்கள் இருந்தாலும் நான்கு நிமிடத்துக்குக் கீழே போகாது.

உங்கள் கடையின் வேலைகளில் எது எந்த வகை என்று பார்க்கலாம். பழைய எழுத்துருக்களில் சேர்த்த கோப்புகளுக்காக நம் பக்கத்து அச்சகங்கள் இன்னும் கைவிடாமல் வைத்திருக்கும் பேஜ்மேக்கர், 2001-இல் வந்த 7-ஆம் பதிப்போடு நின்றுவிட்ட மென்பொருள். அதற்கு ஒரு கோருக்குமேல் பயன்படுத்தத் தெரியாது. கோரல்டிராவில் வரையும்போதும் நகர்த்தும்போதும் பெரும்பாலும் ஒரு கோரின் வேகமே தெரியும். போட்டோஷாப்பில் சில வடிகட்டிகள் பல கோர்களைப் பயன்படுத்தும். தூரிகை வேலையும் கோப்பைத் திறப்பதும் அவ்வளவாகப் பயன்படுத்தா. திருமண வீடியோவைச் சேர்த்து முடித்து ஒரே கோப்பாக ஏற்றுமதி (எக்ஸ்போர்ட்) செய்வது மட்டுமே எத்தனை கோர் கொடுத்தாலும் வாங்கிக்கொள்ளும் வேலை.

வீடியோவைப் பற்றிப் பேசும்போது எந்த வேக எண்ணிலும் வராத ஒன்றைச் சொல்ல வேண்டும். இப்போதைய கைபேசிகளும் கேமராக்களும் எச்.இ.வி.சி. என்ற முறையில் சுருக்கிப் பதிவு செய்கின்றன. அதை விரிப்பதற்கென்றே ஒரு தனிச் சுற்று ஐ5 12400-இன் உள்ளிருக்கும் கிராஃபிக்ஸ் பகுதியில் உண்டு. உங்கள் 2011-ஆம் ஆண்டுச் செயலியில் அது இல்லை; அப்படியொரு முறையே அப்போது பிறக்கவில்லை. ஆகவே அந்த வேலை முழுவதையும் பழைய கோர்கள் தலையில் சுமக்கின்றன. 4கே வீடியோவை ஓடவிட்டால் படம் தத்தித் தத்திப் போவது அதனால்தான். அதுபோலவே 2013 முதல் வந்த கோர் வரிசைச் செயலிகளில் இருக்கும் ஏ.வி.எக்ஸ்.2 என்ற கட்டளைத் தொகுப்பு உங்களிடம் இல்லை. அது இல்லாமல் நிறுவிக்கொள்ளவே மறுக்கும் மென்பொருள்கள் வரத் தொடங்கிவிட்டன. இவையெல்லாம் 3.1 என்ற எண்ணுக்கு வெளியே நிகழ்பவை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். மரக்காலால் அளப்பவர் எவ்வளவு கைவேகம் உள்ளவரானாலும் குவியல் பக்கத்தில் இல்லாவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். செயலியின் பக்கத்துக் குவியல் கேச் எனப்படும் உள் நினைவகம். உங்களுடையதில் அது 6 எம்பி. 12400-இல் 18 எம்பி. வேண்டிய தகவல் அங்கே இல்லாமல் ரேமுக்குப் போக நேர்ந்தால் 70 முதல் 100 நானோ நொடி ஆகும், அது 3.1 கிகாஹெர்ட்ஸ் செயலிக்கு 200 முதல் 300 துடிப்புகள். கேச் எவ்வளவு பேசும் என்பதற்கு ஏ.எம்.டி.யின் இரண்டு செயலிகளைப் பார்க்கலாம்: ரைசன் 7 5800 எக்ஸ் 4.7 வரை ஓடும், கேச் 32 எம்பி. 2022-இல் வந்த 5800 எக்ஸ்3டி 4.5 வரைதான் ஓடும், கேச் 96 எம்பி. கணினி விளையாட்டுகள் பலவற்றில் வேகம் குறைந்த அந்த இரண்டாவதே முந்துகிறது.

ரேமிலும் இல்லாமல் ஹார்டு டிஸ்க் வரை போக வேண்டியிருந்தால் கணக்கு வேறாகிவிடும். சுழலும் தட்டில் ஊசி நகர்ந்து உரிய இடத்துக்கு வந்து சேர ஏறக்குறைய 10 மில்லி நொடி. அந்த நேரத்தில் உங்கள் செயலி 3 கோடியே 10 லட்சம் முறை துடித்திருக்கும், ஒன்றும் செய்யாமல். சுழலும் தட்டே இல்லாத, சில்லுகளில் சேமிக்கும் எஸ்.எஸ்.டி.யில் அதே தேடல் மில்லி நொடியில் பத்தில் ஒரு பங்குக்குள் முடிந்துவிடும். 3.1-ஐ 4.4 ஆக்கினால் அந்தக் காத்திருப்பு குறையாது; சும்மா இருக்கும் துடிப்புகளின் எண்ணிக்கைதான் கூடும். காலையில் கணினியைப் போட்டுவிட்டுத் தேநீர் குடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது, நூறு படங்கள் உள்ள கோப்புறையைத் திறந்தால் உறைந்துவிடுகிறது என்று நீங்கள் எழுதியிருப்பவை எனக்குச் செயலியின் குறையாகவே தோன்றவில்லை.

அதை ஊகிக்க வேண்டியதில்லை, பார்த்துவிடலாம். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் செயல்திறன் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, உங்களை மிகவும் எரிச்சலூட்டும் வேலையைச் செய்யுங்கள். டிஸ்க் 100 சதவீதத்தில் நின்று செயலி 15, 20 என்று தத்தளித்தால் குற்றவாளி ஹார்டு டிஸ்க். ரேம் 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால் ரேம் போதவில்லை. கணினி ஹார்டு டிஸ்கையே ரேமாகப் பயன்படுத்தத் தொடங்கியிருக்கும், இரண்டு துன்பமும் ஒன்றாக வரும். செயலி 100-ஐத் தொட்டு நின்றால் எல்லாக் கோர்களும் உழைக்கின்றன. அதிகக் கோர்கள் உங்களுக்கு உதவும். இவை மூன்றும் எவருக்கும் தெரியும். நான்காவது ஒன்று பலர் கண்ணில் படுவதில்லை: செயலி ஏறத்தாழ 25 சதவீதத்தில் அசையாமல் நிற்பது. முக்கால்வாசி சும்மா இருக்கிறதே என்று நினைப்பார்கள். உங்களுடையது நான்கு கோர் செயலி. 25 என்பது ஒரு கோர் முழுமையாக மூச்சுத் திணறுகிறது, மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கின்றன என்பதன் அடையாளம். அப்போது தேவைப்படுவது ஒவ்வொரு கோரும் வேகமானதாக இருக்கும் செயலி. கோர்களின் எண்ணிக்கை உதவாது. ஐ5 12400-இல் ஒரு கோர் இரண்டு வேலை வரிசைகளை ஏற்பதால் ஆறு கோர்கள் பன்னிரண்டு த்ரெட்டுகளாகக் (வேலை வரிசைகளாகக்) காட்சி தருகின்றன; ஆகவே அங்கே இதே நிலை 8 சதவீதமாகத் தெரியும்.

அதே பக்கத்தில் இப்போதைய வேகமும் தெரியும். கணினி சும்மா இருக்கும்போது அது 1.6 என்று காட்டினால் பதற வேண்டாம்; மின்சாரத்தைச் சேமிக்கத் தானே இறங்கியிருக்கிறது. வேலை கொடுத்த பிறகும் ஏறாவிட்டால்தான் கவலைப்பட வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் அரிசி ஆலையின் எடைமேடை அறைக்கு அழைத்திருந்தார்கள். செயலி போதவில்லை, புதியது வேண்டும் என்று முடிவே செய்துவிட்டார்கள். வேலை கொடுத்துப் பார்த்தபோது வேகம் 1 கிகாஹெர்ட்ஸுக்குக் கீழே கிடந்தது. வெப்பம் 100 டிகிரியை ஒட்டி நின்றது. பெட்டியைத் திறந்தால் செயலியின் சூட்டை வெளியேற்றும் ஹீட் சிங்கின் தகடுகளுக்கிடையே உமித் தூசியும் தவிடும் சேர்ந்து கம்பளம்போல் அடைத்திருந்தன. செயலிக்கும் ஹீட் சிங்குக்கும் இடையே சூட்டைக் கடத்தப் பூசும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து சுண்ணாம்பாகியிருந்தது. எரிந்துபோகாமலிருக்கச் செயலி தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொண்டிருந்தது. தூசியைத் தட்டி, பேஸ்ட்டைப் புதிதாக இட்டு, அரை மணி நேரத்தில் பழைய வேகம் திரும்பிவிட்டது. ஆலைக்காரருக்கு மகிழ்ச்சி, எனக்குத்தான் ஒரு செயலி விற்பனை போயிற்று.

நம் பக்கத்தில் இதைக் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். செயலியின் சூடு, அறையின் சூட்டுக்கு மேல் ஏறுவது. ஒரு ஹீட் சிங்க் முழு வேலையில் அறையைவிட 60 டிகிரி உயர அனுமதிக்கிறது என்றால், குளிரூட்டிய 25 டிகிரி அறையில் செயலி 85-இல் நிற்கும். கத்திரி வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே 40 டிகிரி அறையில் அதே செயலி 100-ஐத் தொட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே குளிரூட்டிய கூடத்தில் சோதித்துச் சொல்லப்படும் வேகம் உங்கள் கடையில் சித்திரை, வைகாசியில் அப்படியே கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பெட்டிக்குள் காற்று உள்ளே வர ஒன்று, வெளியே போக ஒன்று என இரண்டு மின்விசிறிகள் போடுவது, விலை கூடிய செயலியை வாங்குவதைவிடச் சில சமயம் அதிகப் பலன் தரும்.

பெயர்களைப் பற்றிச் சுருக்கமாக. ஐ3, ஐ5, ஐ7 என்பவை அந்தந்தத் தலைமுறைக்குள் மட்டும் பொருளுள்ள படிநிலைகள். தலைமுறை மாறினால் ஒப்பிட முடியாது. 12100 ஒரு ஐ3 என்றாலும் உங்கள் ஐ5-ஐ எல்லா வகையிலும் மிஞ்சும். எண்ணுக்குப் பின் வரும் எழுத்து இன்னும் முக்கியம். இன்டெலில் எஃப் என்று முடிந்தால் உள்ளே கிராஃபிக்ஸ் கிடையாது; தனி கார்டு இல்லாமல் திரையில் ஒன்றும் தெரியாது. 12400 எஃப் சற்று மலிவாகக் கிடைக்கிறதென்று அதை வாங்கிவிட்டால் மேலே சொன்ன வீடியோச் சுற்றையும் இழந்துவிடுவீர்கள். டி என்று முடிந்தால் குறைந்த மின்சாரத்துக்காக வேகம் கட்டுப்படுத்தப்பட்டது. ஏ.எம்.டி.யின் ரைசன் 5 5600-இலும் கிராஃபிக்ஸ் இல்லை. 5600 ஜி-யில் உண்டு, ஆனால் அதன் கேச் 32-க்குப் பதில் 16 எம்பி.

செயலியை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். முடியாது. உங்கள் மதர்போர்டில் செயலி அமரும் இடமான சாக்கெட் 1155 வகை. 12400-க்கு வேண்டியது 1700. மதர்போர்டு, செயலி, ரேம் மூன்றும் சேர்ந்துதான் மாறும், ஏனெனில் உங்களிடமுள்ள டி.டி.ஆர்.3 என்ற பழைய வகை ரேம் அதில் பொருந்தாது. கணினிக்கு மின்சாரம் வழங்கும் பெட்டியான பழைய எஸ்.எம்.பி.எஸ்.ஸையும் தொடர்வது நல்லதன்று. பம்புசெட்டுகள் ஓடத் தொடங்கும் நேரத்தில் மின்னழுத்தம் ஏறி இறங்கும் நம் பக்கத்தில் பத்தாண்டு உழைத்த எஸ்.எம்.பி.எஸ். இன்னும் உயிரோடு இருப்பதே பெரிது.

என் கருத்து இதுதான். முதலில் மேலே சொன்ன சோதனையைச் செய்யுங்கள். டிஸ்க்தான் திணறுகிறது என்று தெரிந்தால் ஒரு எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டு, ரேமை 16 ஜிபி ஆக்குங்கள். அக்காலத்து மலிவான மதர்போர்டுகளில் பரவலாக இருந்த எச்61 சிப்செட் உங்களுடையதானால் எஸ்.எஸ்.டி. தன் முழு வேகத்தில் ஓடாது, நொடிக்கு 280 எம்பி அளவில் நின்றுவிடும். கவலை வேண்டாம், நீங்கள் உணரப்போவது அந்த எண்ணை அன்று, தேடும் நேரம் மறைந்துபோவதை. அந்த எஸ்.எஸ்.டி. பின்னால் புதுக் கணினிக்கும் வந்துவிடும் என்பதால் பணம் வீணாவதில்லை. டி.டி.ஆர்.3 ரேமுக்கு அப்படி மறுவாழ்வு இல்லை. அதைப் பழைய பொருள் விற்பவரிடம் வாங்குவதே போதும்.

ஆனால் இது ஓரிரு ஆண்டுக்கான ஏற்பாடு. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 அதிகாரபூர்வமாக ஏற்பது இன்டெலின் எட்டாம் தலைமுறையிலிருந்துதான், உங்களுடையது இரண்டாம் தலைமுறை. அதே கணினியில் வாடிக்கையாளர்களின் ஆதார் எண்ணையும் வங்கி விவரங்களையும் தட்டச்சு செய்து இணைய விண்ணப்பங்கள் அனுப்புவதாகச் சொல்கிறீர்கள். வேகத்தைவிட இதுதான் மாறுவதற்கு வலுவான காரணம் என்று நினைக்கிறேன்.

மாறும்போது, அழைப்பிதழும் ஆல்பமும் மட்டும் என்றால் ஐ3 12100 போதும். ஒரு கோரின் வேகத்தில் அது ஐ5-ஐ விட இம்மியளவே பின்தங்கும். மிச்சமாகும் பணத்தில் நல்ல எஸ்.எம்.பி.எஸ். வாங்கலாம். வாரம் ஒன்றிரண்டு திருமண வீடியோவாவது முடித்துத் தர வேண்டியிருந்தால் ஐ5 12400 தன் விலைக்கு ஈடு செய்யும். ஏற்றுமதி வேலையில் அது உங்கள் இப்போதைய செயலியைவிட மூன்று, நான்கு மடங்குக்குக் குறையாமல் விரைவாக இருக்கும். எதை வாங்கினாலும் ரேமை ஒரே 16 ஜிபி தகடாக வாங்காமல் 8 ஜிபி தகடுகள் இரண்டாகக் கேளுங்கள். இரண்டு வழியாகவும் தகவல் போய்வரும். உங்கள் கடையின் மிகக் கனமான ஆல்பக் கோப்பு ஒன்றையும் எச்.இ.வி.சி. வீடியோ ஒன்றையும் பென் டிரைவில் எடுத்துச் சென்று, தஞ்சாவூரில் அவர்கள் காட்டும் கணினியில் திறந்து, கைபேசிக் கடிகாரத்தில் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே கோப்பு உங்கள் கடையில் எடுக்கும் நேரத்தையும் முன்னாலேயே எழுதி வைத்திருந்தால், அதன் பிறகு கிகாஹெர்ட்ஸைப் பற்றி யாரிடமும் கேட்க வேண்டியிருக்காது.

பழைய கணினியை உடனே விற்றுவிடாதீர்கள். பேஜ்மேக்கரும் பழைய எழுத்துருக்களும் புதிய விண்டோஸில் ஒழுங்காக அமர்வதற்குச் சில நாள்கள் பிடிக்கும். அதுவரை பழைய அழைப்பிதழைத் திருத்தக் கேட்டு வருபவருக்கு அதுவே கைகொடுக்கும். மாற்றும் வேலையை முகூர்த்தங்கள் இல்லாத ஆடியிலோ மார்கழியிலோ வைத்துக்கொள்ளுங்கள்.